முழங்காலின் வெளிப்பக்கம்

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் வந்து சரிசெய்கிற வேலை. அந்த வேலையில் ஒரு கூத்து உண்டு. லிஃப்டே கதியென்று கிடக்கிற மனிதருக்கு லிஃப்டில் போகக் கொடுத்துவைக்கவில்லை. "ஓடற லிஃப்டுக்கு என்னை யாருங்க கூப்பிடப் போறா? நின்னாத்தான் கூப்பிடுவாங்க. நின்ன லிஃப்டுல எப்படி ஏறுறது?" என்பார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைவரை படியேறுவார். வேலை முடிந்ததும் படியிறங்குவார். ஐம்பது தாண்டிய பிறகும் மூச்சு வாங்காது. கால்தான் தன் சொத்து என்று ஒருமுறை மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரே மகன். வீட்டில் அவனைத் 'தம்பி' என்பார்கள். கல்லூரி கடைசி வருடம்வரை நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஜன்னல்களை மூடத் தொடங்கினான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை, வீடு பூட்டிக் கிடந்தது. அதைக் காட்டியும் அவன் நம்பவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சத்தங்களைக் குறைத்தது. கூடவே அவனையும் குறைத்துவிட்டது. சிரிக்கத் தெரிந்த பையன், கன்னம் உப்பி, கை நடுங்க, பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வேளை தவறாமல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார். அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது லிஃப்ட்காரர் வாய்விட்டுவிட்டார். "இன்னும் எத்தனை நாளைக்குடா இப்படியே உக்காந்திருப்ப?" பெரிய சண்டையெல்லாம் இல்லை, சத்தம்கூடப் போடவில்லை. பையன் எழுந்து தான் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போனை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அன்று மாலை அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள். படம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "வயசுப் பையன்தானே, வந்துருவான்" என்றார்கள். மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று.

மனைவி வாசலைவிட்டு நகரவில்லை. சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. "அவன் வர்ற நேரம் பாத்து வீடு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவான்" என்பார். கதவை ஒருக்களித்தே வைத்திருப்பார். லிஃப்ட்காரருக்கோ வீட்டில் உட்கார முடியவில்லை. வேலை முடிந்ததும் நடக்கத் தொடங்கினார்.

தெருத்தெருவாக நடந்தார். மூடிய கடைகளின் படிகளில் சுருண்டு கிடப்பவர்களை, பேருந்து நிலையத்துத் தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை, பாலத்தடியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார். போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தால் காலைப் பார்ப்பார். மகனுடைய கால் அவருக்குத் தெரியும், இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். ஒருமுறை இவரைத் திருடன் என்று நினைத்து ஒருவர் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்போதுகூட, "என் பையனைத் தேடறேன்" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் போனான், என்ன ஆச்சு, நீங்க என்ன சொன்னீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்து யாரிடமும் எதுவும் கேட்காமல், பார்த்துக்கொண்டே மட்டும் நடந்தார்.

வலி முதலில் வந்தது ஒரு சந்தைத் தெருவில். இடது முழங்காலின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, யாரோ ஊசியைக் காய்ச்சி வைத்தது போலச் சுருக்கென்றது. நின்றார், போய்விட்டது. நடந்தார், மறுபடி வந்தது. அன்றைக்கு அப்படியே ஓட்டிவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் அது சீக்கிரமே வரத் தொடங்கியது. முதலில் நடை முடிகிற நேரத்தில் வந்தது, பிறகு பாதி வழியில், பிறகு தெருமுனை திரும்பும்போதே. உட்கார்ந்தால் வலி இருக்காது. படியேறினாலும் பரவாயில்லை. இறங்கும்போதுதான் உயிர் போகும். ஒவ்வொரு படியிலும் இடது கால் லேசாக மடங்குகிற அந்த ஒரு கணத்தில் கண் இருட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலைக் கட்டைபோல விறைப்பாக நீட்டிக்கொண்டு இறங்குவார். கூட வேலை பார்க்கிறவர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு நீங்க ரிப்பேர் ஆயிட்டீங்க" என்றார். லிஃப்ட்காரரும் சிரித்து வைத்தார்.

மச்சினன் டயர் கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. "அது ஒண்ணுமில்ல மாமா, இடுப்புலேருந்து முட்டிவரைக்கும் ஒரு நாடா போகுது. அது இறுகிப்போச்சு. பைப்பை அடியில வெச்சு உருட்டி எடுங்க. முதல்ல கத்துவீங்க, அப்புறம் வெண்ணெய் மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, கடையில் கிடந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வெட்டிக் கொடுத்தார்.

லிஃப்ட்காரர் தரையில் குழாயை வைத்து, அதன்மேல் தொடையைப் போட்டு, முழு பாரத்தையும் கொடுத்து உருட்டினார். வலி தாங்காமல் பல்லைக் கடித்தார். வலிக்க வலிக்க நல்லது என்று நினைத்துக்கொண்டார். அதில் ஒரு திருப்திகூட இருந்தது. நாலு நாளில் தொடையின் வெளிப்பக்கம் முழுக்கக் கன்றி நீலம் பாரித்தது. முழங்கால் வீங்கவில்லை, ஆனால் தொட்டாலே எரிந்தது. மச்சினனிடம் காட்டியபோது, "வெண்ணெய் ஆகறதுக்கு முன்னாடி இப்படித்தான் மாமா இருக்கும்" என்றார்.

கடைசியில் மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாகப் பொது மருத்துவமனைக்கு அனுப்பினார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசுகிறவர் இல்லை. எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள், காரணம் குரல்.

"எங்க வலின்னு ஒரு விரலால காட்டுங்க."

காட்டினார்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க. வலது கால்ல. ம், சரி. இப்ப இடது கால்ல."

இடது காலில் நின்றதும் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. டீச்சர் அவரைச் சுவரிலிருந்த கண்ணாடிப் பக்கம் திருப்பி நிறுத்தினார். "பாத்தீங்களா? வலது பக்க இடுப்பு தொங்கிடுது. தூக்கிப் பிடிக்க வேண்டியது இடது இடுப்போட பக்கத்துச் சதை. அது தூங்குது."

"எனக்கு இடுப்புல வலியே இல்லீங்களே."

"இருக்காது. வேலை செய்யாதவனுக்கு என்ன வலி? அவன் வேலையையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடறவனுக்குத்தான் வலி." பிறகு அவருடைய செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பு ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தது. "ரோட்டோட எந்தப் பக்கம் நடப்பீங்க?"

"இடது ஓரமா."

"திரும்பி வரும்போது?"

"அப்பவும் இடது ஓரம்தாங்க."

"ரோடு ஓரத்துல சாக்கடைப் பக்கமாச் சரிஞ்சிருக்கும். எப்பவும் இடது கால் பள்ளத்துல. எவ்வளவு நேரம் நடப்பீங்க?"

"சாயங்காலம் முழுக்க."

"எதுக்கு?"

லிஃப்ட்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்றார்.

டீச்சர் அவரைப் பலகையில் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வலது பக்கமாக ஒருக்களித்து, முதுகும் குதிகாலும் சுவரில் ஒட்டியிருக்கும்படி படுக்கணும். மேலே இருக்கும் இடது காலை, குதிகால் சுவரைவிட்டுப் பிரியாமல், மெதுவாக மேலே தேய்த்துக்கொண்டே போகணும். அதைவிட மெதுவாக இறக்கணும். தொப்பென்று போடக் கூடாது. அடுத்தது, முட்டிகளை மடக்கி, பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பதுபோலத் திறக்கணும், இடுப்பு பின்னால் சாயவே கூடாது. பிறகு மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்தணும். இவ்வளவுதான். குழாயைத் தூக்கிப் போடச் சொன்னார்.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மாதிரி இருக்கே" என்றார் லிஃப்ட்காரர்.

"செஞ்சு பாருங்க."

சில தடவைக்குள்ளேயே இடுப்பின் பக்கவாட்டில் எரிச்சலெடுத்து, கால் வெடவெடவென்று ஆடியது. எத்தனையோ மாடிகளை அனாயாசமாக ஏறிய கால், வெறும் காற்றில் தன்னையே தூக்க முடியாமல் நடுங்கியது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நடையை நிறுத்துங்க. சில வாரம் ஆகும். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிக்கலாம்."

"நிறுத்த முடியாதுங்க."

"நிறுத்தலேன்னா ஆறாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர் நிறுத்தவில்லை. காலையில் கடமைக்கு நாலு தடவை காலைத் தூக்கிவிட்டு, மாலையில் நடக்கப் போனார். ஒரு பையன் எங்கோ பட்டினி கிடக்கும்போது ஒரு அப்பன் தரையில் படுத்துச் சிப்பி திறந்துகொண்டிருப்பதா? நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

ரயில் நிலையத்தின் குறுக்கே இரும்பு நடைபாலம் ஒன்று இருக்கிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் பிளாட்பாரமும் மறுபக்கம் கடைத்தெருவும் முழுக்கத் தெரியும். நடக்க நடக்க வலி கூடியதால், நின்ற இடத்திலிருந்தே நிறையப் பேரைப் பார்க்கலாம் என்று அதில் ஏறினார். வேலைவிட்டுப் போகிறவர்கள் கீழே நெரிந்துகொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அப்போதுதான் பார்த்தார். கடைத்தெருவில், பழ வண்டிகளைத் தாண்டி ஒருவன் போய்க்கொண்டிருந்தான். ஒரு தோள் சற்று இறங்கி, சட்டை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தான். மகன் அப்படித்தான் நடப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"தம்பி" என்று கத்தினார்.

கீழே ஏழெட்டு இளைஞர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊரில் எல்லோருமே யாருக்கோ தம்பிதானே. அவன் மட்டும் திரும்பவில்லை. பிறகு பேரைச் சொல்லிக் கத்தினார். ரயில் ஒன்று உள்ளே வந்து அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

படிக்கட்டுக்கு ஓடினார். முதல் படியில் காலை வைத்ததும் முழங்கால் வெட்டியது. இரண்டாவது படியில் மடங்க மறுத்தது. கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் காலால் தத்திப் பார்த்தார். பின்னால் வந்த கூட்டம் இடித்தது. நின்றால் அவன் போய்விடுவான். அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, குழந்தைகள் இறங்குவதுபோல, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தால் இறங்கினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. குடித்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் குனிந்து, "கை குடுங்கய்யா" என்றார். "நீங்க போங்கம்மா, போங்க" என்றார் இவர். அவருடைய கண் பழ வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே வந்து சேர்ந்தபோது அங்கே அவன் இல்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. எழுந்து நிற்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வண்டி பிடித்து வந்து மனைவியிடம் சொன்னார்.

"அவன்தானா?"

"தெரியல."

"பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ஆனாத் தெரியல."

மனைவி வெகுநேரம் அவருடைய உள்ளங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அழவில்லை. மறுநாள் காலையில், மகனுடைய படத்தைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "இனிமே நான் போறேன். பகல்ல பாத்துக்கச் சொல்லி எதிர்வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன், சாயங்காலம் நீங்க கதவைத் திறந்து வெச்சுட்டு வீட்டுல இருங்க. அந்தம்மா சொன்னதைச் செய்ங்க."

"உனக்கு வழி தெரியாதே."

"கேட்டுக்கிறேன். எனக்கு வாய் இருக்கு."

அன்றைக்கு லிஃப்ட்காரர் மறுபடி டீச்சரிடம் போனார். இந்த முறை உள்ளதைச் சொன்னார். பையன் போனது, கடைப் படிகளில் குனிந்து பார்ப்பதற்காகவே எப்போதும் ஓரமாக நடந்தது, பாலம், எல்லாம். பலகையில் படுத்திருந்த மற்ற நோயாளிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்த முடியவில்லை.

டீச்சர் முழுக்கக் கேட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

"அப்பவும் நடக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்க மாட்டேன்." பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாருங்க. இந்தக் காலோட நீங்க அவனைக் கண்டுபிடிச்சாலும் அவன் பின்னாடி போக முடியாது. அது நேத்தே தெரிஞ்சு போச்சில்ல? படுங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

கம்பெனியில் சொல்லிக் கொஞ்ச காலத்துக்கு மாடி ஏறாத வேலை வாங்கிக்கொண்டார். பட்டறையில் உட்கார்ந்து பழைய மோட்டார்களைப் பிரித்துச் சுத்தம் செய்கிற வேலை. காலையும் மாலையும் கூடத்துச் சுவரோரம் தரையில் படுத்தார். கதவு ஒருக்களித்திருக்கும். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கால் பாதியில் நின்றுவிடும். சத்தம் தாண்டிப் போன பிறகு காலை இறக்குவார்.

அந்த வாரங்களைப் பற்றி அவர் பிற்பாடு யாரிடமும் விவரமாகப் பேசியதில்லை. நடந்துகொண்டிருந்தவரை, ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தது. தரையில் படுத்ததும் அதுவும் போயிற்று. நினைக்கக் கூடாதென்று தள்ளி வைத்ததெல்லாம் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

ஒருநாள் அப்படி ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, எதிரே மகனுடைய கட்டிலின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. சுவர்ப்பக்கத்துக் காலுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பெருக்குகிற துடைப்பம் எட்டாத இடம். நகர்ந்து போய்க் கைவிட்டு எடுத்தார். மாத்திரைகள். எச்சில் பட்டுக் கரைந்து, காய்ந்து, தூசியோடு ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கைப்பிடி இருந்தன. அவன் போவதற்கு முந்தின நாள் துப்பியவை மட்டுமல்ல அவை, மாதக்கணக்கில் சேர்ந்தவை. தாங்கள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்த அந்தக் கடைசி மாதங்களெல்லாம் அவன் அந்தச் சத்தங்களோடு தன்னந்தனியாக இருந்திருக்கிறான். அந்த நிலையில் இருந்தவனைப் பார்த்துத்தான் இவர் எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பாய் என்று கேட்டிருக்கிறார்.

மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வந்து படுத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குதிகாலைச் சுவரில் வைத்துத் தேய்த்துத் தூக்கினார். கண்ணீர் மூக்கின் குறுக்கே வழிந்து தரையில் சொட்டியது. காலை மெதுவாக இறக்கினார்.

மனைவி மாலையில் கால் வீங்கி வந்து சேர்வார். வந்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வார். பேருந்து ஓட்டுநர்கள், கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், எல்லோரிடமும் படத்தைக் காட்டியிருப்பார்.

"என்னன்னு சொல்லிக் கேப்ப?"

"என் பையன், மனசு சரியில்லாம இருந்தான், வீட்டைவிட்டுப் போயிட்டான்னு சொல்லுவேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"பின்ன, சொல்லாம எப்படிங்க தேடறது? பாதிப் பேர் அவங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படி இருக்காங்கன்னு சொல்றாங்க. ஒரு டிரைவர் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. நான் அவருக்குச் சமாதானம் சொல்லிட்டு வரேன்."

லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார். வீட்டைவிட்டு நகராத இந்த மனுஷிக்குள் இப்படி ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாத்திரைகளை எடுத்துக் காட்டினார். மனைவி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். "எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு" என்றார். "கேட்டாச் சண்டையாகும்னு விட்டுட்டேன்." அவர் சிப்பிப் பயிற்சி செய்தபோது மனைவி பின்னால் உட்கார்ந்து இடுப்பில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். "பின்னால சாயுதுங்க" என்பார். "சாயல." "சாயுது, எனக்குத் தெரியாதா?"

முழங்கால் ஒரே சீராகத் தேறவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும். டீச்சர் தாழ்ந்த பலகை ஒன்றின்மேல் நிற்க வைத்து, இடது கால் பாரம் தாங்க, வலது குதிகாலை மெல்லத் தரையைத் தொடச் சொல்வார். முட்டி உள்பக்கம் வளையக் கூடாது. அது சரியாக வரும். அடுத்த வாரமே தெருமுனைவரை போய் வந்தால் பழைய ஊசி குத்தும். "இது ஆகற கதை இல்லீங்க" என்று சொல்லி ஒருநாள் பாதியிலேயே எழுந்துவிட்டார். "சரி, போங்க" என்றார் டீச்சர். போகவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி வந்து பலகைமேல் நின்றார்.

ஒரு காலைப் பொழுதில் போலீசிலிருந்து போன் வந்தது. வயது ஒத்துப்போகிற உடல் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். மனைவியிடம், கம்பெனியில் அவசரம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். பிணவறை நிலத்துக்குக் கீழே இருந்தது. ஊழியர் முன்னால் இறங்கினார், இவர் பின்னால் இறங்கினார். சில்லென்றிருந்தது. துணியை முகத்திலிருந்து விலக்கப் போனபோது, "கால் போதுங்க, காலைக் காட்டுங்க" என்றார். ஊழியர் காட்டினார். இரண்டாவது விரல் குட்டையாக இருந்தது.

இல்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் மார்பு முழுக்கச் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நிமிடமே, அது இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பு வந்து அவரைச் சுவரோரம் உட்கார வைத்தது. அந்தப் பையனின் அப்பா இன்னும் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாரோ. வெகுநேரம் கழித்து எழுந்து நின்றபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. அவ்வளவு படி இறங்கியிருக்கிறார், முழங்கால் வலிக்கவில்லை. அந்த நாளில் போய் அது வலிக்காமலிருந்தது அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஓட்டுநர்தான் கடைசியில் கூப்பிட்டார். அவருடைய பேருந்து போகிற வழியில், பக்கத்து ஊர் எல்லையில், ஆதரவற்றோர் காப்பகம் ஒன்று இருந்தது. கம்பி வேலிக்குள் ஒருவன் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறான், படத்தில் இருக்கிற பையன் மாதிரி தெரிகிறது, மெலிந்திருக்கிறான், ஆனாலும் ஒருமுறை வந்து பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தார்கள். அவன்தான். மொட்டையடித்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் அவனைக் கூப்பிட்டார். அவன் நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

காப்பாளர் அவர்களை உட்கார வைத்து விவரம் சொன்னார். நெடுஞ்சாலை ஓரத்தில் மயங்கிக் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை. இப்போது மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கத் தோன்றும், போகப்போகக் குறையலாம் என்றார். எப்போது கொண்டுவந்தார்கள் என்று லிஃப்ட்காரர் கேட்டார். சொன்னார்கள். பாலத்தின்மேல் நின்று அவர் கத்திய நாளில் மகன் இந்த வேலிக்குள்தான் இருந்திருக்கிறான். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போனது வேறு யாரோ.

வீட்டுக்கு வர அவன் சம்மதிக்கவில்லை. "அங்க வேணாம். அங்க பேசுவாங்க." அம்மா கெஞ்சினார். அவன் நடுங்கத் தொடங்கினான். இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று காப்பகத்துக்கு வந்துபோகிற டாக்டரும் சொல்லிவிட்டார். அன்று இருவர் மட்டும் பேருந்தில் திரும்பினார்கள். தேடியது கிடைத்துவிட்டது, கையில் இல்லை.

அதன்பிறகு விடுமுறை நாளெல்லாம் போனார்கள். அம்மா வராந்தாவில் உட்கார்ந்துகொள்வார். மகன் உட்கார மாட்டான். அவனோடு இருக்க வேண்டுமானால் அவனோடு நடக்க வேண்டும், வேறு வழியில்லை. லிஃப்ட்காரர் நடந்தார். அவனுக்கு வேகமான நடை. இவருக்குச் சில சுற்றுகளில் முழங்கால் லேசாக எச்சரிக்கும். அதனால் வீட்டில் ஒருநாளும் பயிற்சியை விடுவதில்லை. முதல் சில வாரங்கள் மகன் இவர் பக்கம் திரும்பவே இல்லை. காற்றோடு நடப்பதுபோல நடந்தான். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும், இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றும். அடுத்த விடுமுறைக்கு முந்தைய நாளே செருப்பைத் துடைத்து வைத்துவிடுவார்.

ஒருநாள் அவனாகவே கேட்டான். "ஏன் நொண்டறீங்க?"

"முட்டி வலிடா. இப்பப் பரவாயில்ல."

"என்ன பண்ணீங்க?"

"நடந்தேன்."

"எங்க?"

"சும்மா, அங்க இங்க."

இன்னும் அரைச் சுற்று நடந்தார்கள். அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தான் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். உண்மையிலேயே குறைத்தானா என்று அவருக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. கிளம்பும் நேரத்தில் வேலியோரம் வந்து அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினான். நகம் வளர்ந்து அழுக்கேறியிருந்தது.

"அடுத்த வாட்டி வரும்போது நகவெட்டி எடுத்துட்டு வாங்க."

பேருந்தில் மனைவி அதையே பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் இருப்பது மழுங்கிவிட்டது, புதிதாக வாங்கலாமா, நல்ல கூரானதாக இருந்தால் அங்கே உள்ளே விடுவார்களா, காப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாமா. லிஃப்ட்காரர் இடது காலை இருக்கைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, கேட்டுவிடலாம் என்றார்.

மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.